போயும் போயும் சரவண பவனுக்கா?

சென்னைக்கு வந்திருக்கும் ஒருவர், நன்றாகச் சாப்பிட எங்கே போகலாம் என்று கேட்கிறார். ஊரறிந்த ஓட்டல் ஒன்றின் பெயரைச் சொல்கிறோம். பக்கத்தில் இருக்கும் நண்பருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. “போயும் போயும் சரவண பவனுக்கா அனுப்பினே? நம்ம ஊர் ஆளுங்க சாப்பிடுற இடமா ஒண்ணு சொல்லக் கூடாதா?” என்கிறார். பிறகு அவரே ஒரு சந்தின் பெயரைச் சொல்கிறார். பெயர்ப் பலகை இருக்காது, பால் பூத்தை ஒட்டித் திரும்ப வேண்டும், காலை எட்டு மணிக்குள் போய்விட வேண்டும், போனால் அடை கிடைக்கும். அதைச் சொல்லும்போது அவர் குரல், பாட்டன் சொத்தின் பத்திரத்தைப் பிரித்துக் காட்டுகிறவர் குரல்போல ஆகிவிடுகிறது.

விருந்தாளிக்கு ஓட்டல் சொல்வதில் இன்று கிட்டத்தட்ட எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி இதுதான்: உள்ளூர்க்காரர் சாப்பிடும் இடத்துக்கு அனுப்பு, வெளியூர்க்காரர் கூடும் இடத்தைத் தவிர்த்துவிடு. பிரபலமான ஓட்டல் கெட்டுப்போனது, சந்துக்கடை தூய்மையானது. முன்னதைச் சொல்பவர் சோம்பேறி, பின்னதைச் சொல்பவர் ரசிகர். யூடியூபில் உணவு வீடியோ போடுகிறவர்களும் ஞாயிறு இணைப்பிதழ்களும் ஆபீஸ் மதிய உணவு மேசைகளும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி, மறுபேச்சு இல்லாத உண்மையாக்கிவிட்டார்கள்.

அதன் பக்கம் இருக்கும் நியாயத்தை மறைக்க வேண்டியதில்லை. ஒரே ஆள் அடுப்படியில் நின்று வார்க்கும் தோசைக்கும் பல கிளைகளுக்கு ஒரே அளவில் கரைத்து அனுப்பும் மாவுக்கும் வித்தியாசம் உண்டு. சின்னக் கடைக்கு நாலு காசு போய்ச் சேரட்டும் என்று நினைப்பதும் நல்ல எண்ணமே. ஆனாலும் இந்த விதி, சென்னையைப் பொறுத்தவரை, தலைகீழாக நிற்கிறது. இந்த ஊரில் ஓட்டல் என்ற ஏற்பாடே வெளியூர்க்காரருக்காக, பெரும்பாலும் வெளியூர்க்காரர்களால் உண்டானது. வந்தவருக்காக எழுந்த இடத்தை, வந்தவர்கள் போகிறார்கள் என்ற காரணத்துக்காகவே மட்டம் தட்டுவது வேடிக்கை.

நூறு வருஷத்துக்கு முந்தைய சென்னையில், வீடும் அடுப்பும் உள்ளவர் வெளியில் சாப்பிடுவது பெருமைக்குரிய காரியமாக இருக்கவில்லை. பையன் காப்பி கிளப்புக்குப் போக ஆரம்பித்துவிட்டான் என்றால், கெட்டுப்போக ஆரம்பித்துவிட்டான் என்று வீட்டுப் பெரியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். காப்பியும் கிளப்பும் நம் வாழ்க்கைக்குள் நுழைந்தபோது எழுந்த கூச்சல்களை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் சுவையாகத் தொகுத்திருக்கிறார். அப்படியென்றால் அந்த மேசைகளில் உட்கார்ந்தவர்கள் யார்? தஞ்சாவூர், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து வேலை தேடி வந்த குமாஸ்தாக்கள், கல்லூரியில் சேர வந்த பையன்கள், ஐகோர்ட்டில் வாய்தாவுக்கு வாய்தா வந்து தங்கிய கட்சிக்காரர்கள், பிறகு திருவல்லிக்கேணி மேன்ஷன் அறைகளில் ஆறேழு பேராகச் சேர்ந்து கிடந்த பிரம்மச்சாரிகள். மயிலாப்பூர்க்காரர் மயிலாப்பூரில் வீட்டிலேதான் சாப்பிட்டார். ஓட்டலில் சாப்பிட்டவருக்கு அந்த ஊரில் வீடு இல்லை.

அடுப்படிக்குள் நின்றவர்களைப் பார்த்தாலும் இதே கதைதான். தென் கன்னடப் பகுதியிலிருந்து வந்து, சமையலறை எடுபிடியாகத் தொடங்கிய கே. கிருஷ்ண ராவ், 1938இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கினார். சென்னைச் சாம்பாருக்கும் மசால் தோசைக்கும் இன்று நாம் அளவுகோலாக வைத்திருக்கும் ருசியில் பெரும்பங்கு உடுப்பிக்காரர்கள் கைவரிசை. சாம்பாரைக் குவளையோடு கொண்டுவந்து இட்லி முழுகும்வரை ஊற்றும் திருவல்லிக்கேணி ரத்னா கபே, 1948இல் உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் ஆரம்பித்தது. மவுண்ட் ரோட்டில் 1951இல் புகாரி ஓட்டலைத் திறந்த ஏ.எம். புகாரி கொழும்பில் தொழில் பழகித் திரும்பியவர். 1965இல் அந்த ஓட்டல் பட்டியலில் ஏறியதாக அவர்கள் சொல்லும் சிக்கன் 65, இப்போது ஊரின் அடையாளமாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பெயருக்கு வேறு கதைகளும் உலவுகின்றன, அது வேறு விஷயம். பர்மாவில் 1962இல் ராணுவ ஆட்சி வந்தபின் சொத்தை விட்டுக் கப்பலேறி வந்த தமிழர்கள் பாரிமுனைப் பக்கம் கடை போட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த அத்தோவும் வாழைத்தண்டு சூப்பும் பேஜோவும் மாலை நேரத் தள்ளுவண்டிகளில் இன்றைக்கும் இருக்கின்றன. சௌகார்பேட்டையில் இட்லியும் ஊத்தப்பமும் பொடியிலும் நெய்யிலும் முங்கிக் குளிப்பது, அந்தத் தெருக்களில் குடியேறிய குஜராத்தி, மார்வாடிக் குடும்பங்களின் நாக்குக்கு நம் பலகாரம் கொடுத்த மரியாதை. முருகன் இட்லிக் கடை மதுரையிலிருந்து வந்தது. செட்டிநாட்டுச் சமையல் எங்கிருந்து வந்தது என்று அதன் பெயரே சொல்கிறது.

இந்தப் பட்டியலில் ‘உள்ளூர்’ எது? வந்தவர் சமைக்க, வந்தவர் சாப்பிட, ஊர் பின்னால் மெதுவாக வந்து சேர்ந்துகொண்டது. சென்னைச் சாப்பாட்டின் வரலாறு இவ்வளவுதான். இப்போது வருகிற விருந்தாளிக்கு மட்டும், “இது உங்களைப் போன்றவர்கள் வரும் இடம், அதனால் அசல் இல்லை” என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

சரவண பவனையே எடுத்துக்கொள்ளலாம். இன்று முகம் சுளிக்க வைக்கும் அந்தப் பெயர் 1981இல் கே.கே. நகரில் ஒரு பேட்டைக் கடையாகத்தான் தொடங்கியது. தென்கோடி மாவட்டத்திலிருந்து வந்து மளிகைக் கடை வைத்திருந்தவர், அப்போது புதிதாக வளர்ந்துகொண்டிருந்த குடியிருப்புப் பகுதியில் ஆரம்பித்த டிபன் கடை அது. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள்தான் வாடிக்கை. பிற்பாடு அதன் உரிமையாளர் கொலை வழக்கில் தண்டனை பெற்றதும் 2019இல் இறந்ததும் தனி வரலாறு. அதை முன்னிட்டு ஒருவர் அந்த ஓட்டலுக்குப் போகமாட்டேன் என்றால் அது கேட்கத் தக்க வாதம். ஆனால் நான் மறுக்கும் வாதம் அதுவல்ல. உள்ளூர் மக்கள் மெச்சிப் போன கடை, அவர்கள் மெச்சியதாலேயே வளர்ந்து, வளர்ந்ததாலேயே ‘டூரிஸ்ட் கடை’ ஆகிவிடுகிறது என்கிறது நான் மறுக்கும் வாதம். அதன்படி பார்த்தால், நம் நண்பர் சொன்ன சந்துக்கடையும் இன்னும் பத்து வருஷம் நன்றாக நடந்தால் அசல் தன்மையை இழந்துவிடும். தோற்றால்தான் தூய்மை என்கிற இந்தக் கணக்கு சினிமா ரசனையிலும் உண்டு. அங்கேயும் எனக்கு அது பிடிப்பதில்லை.

உள்ளூர்க்காரர் சாப்பிடும் இடம் என்கிறார்களே, அந்த உள்ளூர்க்காரர் யார் என்பதையும் கேட்டுவிடலாம்.

2013இல் சென்னை மாநகராட்சி அம்மா உணவகங்களைத் திறந்தது. இட்லி ஒரு ரூபாய், பொங்கல் ஐந்து ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். கட்டுமானத் தொழிலாளி, ஆட்டோ ஓட்டுநர், ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கும் குடும்பம், கல்லூரிப் பையன் என்று நகரத்தின் ஒரு பெரிய பகுதி அங்கே நின்று சாப்பிட்டுவிட்டுப் போகிறது. உள்ளூர் மக்கள் சாப்பிடும் இடம் வேண்டுமென்றால் அதைவிட உள்ளூர் எது? ஆனால் எந்த ரசிகரும் விருந்தாளியை அங்கே அனுப்பி நான் பார்த்ததில்லை. புளியந்தோப்பிலோ காசிமேட்டிலோ தெருமுனையில் பொரிக்கும் மீனுக்கும், மாட்டுக்கறி சுக்காவுக்கும், வட்ட வட்டமாக அடுக்கிய பரோட்டாவுக்கும் அனுப்புகிறவர்களும் அபூர்வம். அனுப்பினாலும் “துணிச்சல் இருந்தா போங்க” என்ற எச்சரிக்கையோடுதான் அனுப்புகிறார்கள். சைதாப்பேட்டை வடகறி ஒரு காலத்தில் ஊர் பேசிய பண்டம், இன்றும் மாரி ஓட்டல் பெயரோடு சேர்த்துத்தான் அதைச் சொல்வார்கள். அதற்காகச் சைதாப்பேட்டைக்கு ஆள் அனுப்புகிறவர்களைவிட, மயிலாப்பூர் மாடவீதிகளைச் சுற்றியே மூன்று நாள் டிபன் திட்டம் போட்டுக் கொடுப்பவர்கள்தாம் அதிகம்.

ஆக, உள்ளூர் மக்கள் சாப்பிடும் இடம் என்று இவர்கள் சொல்வதை “என்னைப் போன்றவர்கள் சாப்பிடும் இடம்” என்றே படிக்க வேண்டும். மயிலாப்பூர்க்காரர் சொன்னால் நெய் மணக்கும், பெரியமேட்டுக்காரர் சொன்னால் பிரியாணி மணக்கும், ராயபுரத்துக்காரரை யாரும் கேட்பதில்லை. ஒரு மனிதர் தன் வட்டத்தைக் காட்டுவதில் தப்பேதும் இல்லை. அந்த வட்டத்தையே ஊர் என்று விற்பதுதான் தப்பு.

இதைவிடக் கனமான விஷயம் ஒன்று இருக்கிறது. பலகை இல்லாத கடை, பழகியவருக்கு மட்டும் தெரிந்த வாசல், “இன்னார் சொன்னார்னு சொல்லுங்க, உள்ளே உட்கார வைப்பாங்க” என்பதெல்லாம் இப்போது அழகாகத் தெரிகின்றன. நம் ஓட்டல்களுக்கு இந்த அழகு முன்பே ஒருமுறை இருந்தது. 1940களின் தொடக்கம் வரையில் ரயில்வே உணவு விடுதிகளில்கூடப் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம். ஓட்டல் பெயர்களில் ‘பிராமணாள்’ என்ற சொல் விளம்பரமாகவே தொங்கிற்று. அதை அழிக்கச் சொல்லி 1957இல் பெரியார் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் மறியல் தொடங்கினார். மாதக்கணக்கில் நடந்த அந்த மறியலில் நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள், பலகையிலிருந்து அந்தச் சொல் கடைசியில் இறங்கியது. யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து, காசு கொடுத்து, எந்த நாற்காலியிலும் உட்காரலாம் என்ற சாதாரண விஷயம் இந்த ஊரில் சண்டை போட்டு வாங்கப்பட்டது.

பெரிய பெயர்ப் பலகை, சுவரில் விலைப் பட்டியல், கல்லாவில் டோக்கன், யார் எதிரே உட்கார்ந்திருந்தாலும் பகிர்ந்துகொள்ள வேண்டிய மேசை: ரசிகர்கள் ரசனையற்றவை என்று நினைக்கும் இந்த ஏற்பாடுகள் எல்லாம் அறிமுகமில்லாதவருக்குக் கொடுத்த உத்தரவாதங்கள். விலை சுவரில் எழுதியிருக்கும் இடத்தில், நீ யார், எந்த ஊர், யார் அனுப்பினார் என்று யாரும் கேட்பதில்லை. வெளியூரிலிருந்து தனியாக வந்த ஒரு பெண் இரவு ஒன்பதரை மணிக்கு நிம்மதியாகச் சாப்பிட்டு, கழிவறையைப் பயன்படுத்திவிட்டு, ஆட்டோ பிடித்துப் போகக்கூடிய இடங்கள் இந்த வகைதான். சந்துக்கடை ரசிகர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? நின்றுகொண்டே சாப்பிட்டு, பக்கத்துக் குழாயில் கை கழுவிவிட்டுப் போகிற வசதி அவர்களுக்கு இருக்கிறது.

விருந்தாளி என்று இந்த விதி யாரை நினைக்கிறது என்பதைப் பார்த்தால் அதன் வறுமை இன்னும் தெரியும். கையில் மூன்று நாள், காலில் நல்ல செருப்பு, வயிற்றில் எதையும் தாங்கும் சக்தி, ருசி தேடுவது ஒன்றே வேலை. அப்படிப்பட்டவர் சென்னைக்கு வராமல் இல்லை. ஆனால் எழும்பூரிலும் சென்ட்ரலிலும் கோயம்பேட்டிலும் கிளாம்பாக்கத்திலும் வந்திறங்கும் கூட்டத்தில் அவர் எத்தனை பேர்? தேர்வு எழுத வருகிறவர், தலைமைச் செயலகத்தில் மனு கொடுக்க வருகிறவர், கல்யாணத்துக்கு வருகிறவர், விசா நேர்காணலுக்கு வருகிறவர் என்று மற்றவர்கள்தாம் பெரும்பான்மை. அதிலும் முக்கியமாக, உடம்பு சரியில்லாதவரை அழைத்துக்கொண்டு வருகிறவர்.

கிரீம்ஸ் ரோட்டுப் பக்கம் ஒருமுறை நடந்து பாருங்கள். 1983இல் அங்கே அப்போலோ மருத்துவமனை வந்தது. அதற்கும் முன்னால், 1978இல், நுங்கம்பாக்கத்தில் சங்கர நேத்ராலயா தொடங்கியிருந்தது. கொல்கத்தாவிலிருந்தும், வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும், வங்கதேசத்திலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் தங்கித் தங்கி, அந்தச் சந்துகளில் லாட்ஜுகளும் அவற்றை ஒட்டி வங்காளி மெஸ்களும் முளைத்துவிட்டன. பலகைகளில் வங்க எழுத்து. உள்ளே சோறு, பருப்பு, கடுகெண்ணெய் வாசத்தோடு மீன் குழம்பு, உருளைக்கிழங்கும் கசகசாவும் சேர்த்த ஆலு போஸ்தோ. மருத்துவமனைக் கட்டிலில் அப்பா கிடக்க, வராண்டாவில் விடிய விடிய உட்கார்ந்திருந்த மகனுக்கு மத்தியானம் என்ன வேண்டும்? நம் ரசிகர் சொல்வார்: “இவ்வளவு தூரம் வந்துட்டு மறுபடியும் மீன் குழம்பும் சோறுமா? ஒரு நல்ல பொங்கல் சாப்பிட்டுப் பாருங்களேன்.” அந்த மகன் பொங்கல் சாப்பிட வரவில்லை. பதினைந்து நாளாகப் புளிப்பும் காரமும் ஒத்துக்கொள்ளாத வயிற்றோடு, தன் ஊர்ச் சோற்றைத் தேடுகிறான். அவனுக்குச் சென்னையின் மிகச் சிறந்த ஓட்டல் கிரீம்ஸ் சந்தில் இருக்கும் அந்த மெஸ்தான். அதைச் சொல்லத் தெரியாதவர், எத்தனை கெட்டிச் சட்னியின் இருப்பிடம் தெரிந்திருந்தாலும், வழிசொல்ல லாயக்கில்லாதவர்.

எனக்குப் பிடித்த ஓட்டல் என்பது என்னைப் பற்றிய தகவல். விருந்தாளி கேட்டது தன்னைப் பற்றி. இரண்டையும் குழப்பிக்கொண்டு, அவர் பசியை நம் பெருமைக்குச் சாக்காக்கிவிடுகிறோம். காரம் எவ்வளவு தாங்குவீர்கள், கூட யார் வந்திருக்கிறார்கள், எங்கே தங்கியிருக்கிறீர்கள், ரயில் எத்தனை மணிக்கு என்று ஒரு கேள்வியும் கேட்காமல் ஓட்டல் பெயர் சொல்பவர், நாடி பிடிக்காமல் மருந்து எழுதுகிறார்.

சரி, சந்துக்கடையின் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். மயிலாப்பூர் ராயர் மெஸ்ஸைத் தெரியாத டிபன் ரசிகர் இல்லை. இடம் சின்னது. காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம். பொங்கல் தீர்ந்தால் தீர்ந்ததுதான். இம்மாதிரிக் கடை தினம் வருகிற முகங்களை நம்பி மாவு கரைக்கிறது. நடைப்பயிற்சி முடித்து வருகிற பெரியவர், அலுவலகத்துக்கு முன்னால் இரண்டு இட்லி விழுங்குகிற ஊழியர் என்று அளவு தெரிந்த கூட்டம் அது. ஒரு வீடியோ பரவி, கார்கள் சந்தை அடைத்து நிற்க ஆரம்பித்தால், அந்தப் பெரியவருக்குத்தான் முதலில் இடம் போகும். பரவிய வேகத்தில் கூட்டம் வடிந்தும் போகும். அதற்குள் கடைக்காரர் கூடுதல் ஆள் போட்டு, வாடகையை ஏற்றிக் கேட்கும் கட்டட உரிமையாளரோடு மல்லுக்கட்டி நிற்பார். சின்னக் கடையை வாழவைக்கவே அனுப்புகிறோம் என்பவர்கள், அந்தக் கடை எவ்வளவு கூட்டத்தைத் தாங்கும் என்று ஒருநாளாவது கடைக்காரரைக் கேட்டதுண்டா?

மேலும், நல்ல ஓட்டல்கள் சாவது ஆள் வராததால்தான் என்பதும் எப்போதும் உண்மையாக இருப்பதில்லை. கதீட்ரல் ரோட்டில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 1962 முதல் நடந்தது. மரத்தடியில் கார் நிறுத்தி, கதவில் தட்டு மாட்டிச் சாப்பிட்ட சினிமாக்காரர்களையும் எழுத்தாளர்களையும் அரசியல்வாதிகளையும் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். கூட்டத்துக்குக் குறைவே இல்லை. நிலத்தை அரசு திரும்ப எடுத்துக்கொண்டது, 2008இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் 2010இல் செம்மொழிப் பூங்கா திறந்தது. வாயால் பரப்பிய எந்தப் புகழும் அதைக் காப்பாற்றவில்லை. ஓட்டலின் ஆயுள் நிலத்திலும் வாடகையிலும், அடுத்த தலைமுறை அடுப்படிக்கு வருமா என்பதிலும் இருக்கிறது.

கிளை ஓட்டல்களில் ருசி குறைந்துவிட்டது என்ற குறைக்கு வருகிறேன். பெரும்பாலும் உண்மை. சாம்பார் எல்லாக் கிளையிலும் ஒரே மாதிரி இனிக்கிறது, சட்னி நீர்த்துவிட்டது, விலையைப் பார்த்தால் விக்கல் வருகிறது. ஆனாலும் இந்த ஓட்டல்களிலேயே நன்றாகச் சாப்பிடவும் முடியும், மோசமாகச் சாப்பிடவும் முடியும். எது எப்போது நன்றாக இருக்கும் என்ற அறிவுதான் உள்ளூர்க்காரரிடம் இருக்கும் நிஜமான சொத்து, அதைத்தான் நாம் கொடுப்பதே இல்லை. முகவரியைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம்.

வெளியூர்க்காரருக்குத் தெரியாதது ஓட்டலின் பெயர் இல்லை, அது எந்த ஆட்டோக்காரருக்கும் தெரியும். பொங்கல் காலைப் பண்டம், பத்து மணிக்கு மேல் கேட்டால் அடியில் பிடித்ததுதான் வரும் என்பது அவருக்குத் தெரியாது. மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை சாப்பாட்டு நேரம், அப்போது பல இடங்களில் தோசைக்கல் ஓய்வெடுக்கும், கேட்டால் சர்வர் விநோதமாகப் பார்ப்பார். சாப்பாடு சாப்பிடுவதென்றால் பன்னிரண்டரைக்குள் உட்கார்ந்துவிட வேண்டும், முதல் பந்தியின் ரசத்துக்கும் கடைசிப் பந்தியின் ரசத்துக்கும் உறவே கிடையாது. சுடச்சுட வேண்டுமென்றால் கல்லில் வார்க்கும் பண்டத்தைக் கேட்க வேண்டும், வெங்காய ரவா தோசைக்குக் கால் மணி நேரம் காத்திருக்கத் தயாராக இருக்க வேண்டும். சாம்பார் வாளியோடு வருகிறவரை நிறுத்தி இன்னும் ஊற்றச் சொல்லலாம், அதற்குத் தனிக் காசு இல்லை. காரம் வேண்டாம் என்றால் குருமாவைத் தவிர்த்துவிட்டுத் தயிரோடு முடித்துக்கொள்ளலாம். காப்பியில் சர்க்கரையைத் தனியாகக் கேட்கலாம். பிரியாணியை மத்தியானத்தில் சாப்பிடுங்கள், அதிலும் திருவல்லிக்கேணியில் அண்டா திறக்கும் நேரத்தில் போங்கள், ராத்திரிக்கு மிஞ்சியதைச் சாப்பிட்டுவிட்டுச் சென்னைப் பிரியாணியைத் திட்டாதீர்கள். சேப்பாக்கம் நாயர் மெஸ்ஸில் மீன் வறுவலுக்காக உட்கார்ந்தால், சாப்பிட்டு முடிக்கும் முன்பே நாற்காலிக்குப் பின்னால் ஆள் வந்து நிற்பார், அது அவமரியாதை இல்லை, அந்த இடத்தின் பழக்கம். அத்தோவும் நெய்ப்பொடி ஊத்தப்பமும் இருட்டிய பிறகான விஷயங்கள், பகலில் பாரிமுனைக்குப் போய்த் தேடினால் வெயில்தான் மிஞ்சும்.

இவற்றைச் சொல்லி எந்த ஓட்டலுக்கு அனுப்பினாலும் விருந்தாளி நன்றாகச் சாப்பிடுவார். இவற்றைச் சொல்லாமல் உலகத்தின் தலைசிறந்த சந்துக்கடைக்கு அனுப்பினாலும், மூடிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து பிஸ்கட் தின்பார்.

“அப்ப நமக்குப் பிடிச்ச கடையை யார்கிட்டயும் சொல்லவே கூடாதா?” என்று கேட்கலாம். சொல்வதில் என்ன இருக்கிறது, கூட்டிக்கொண்டு போங்கள். அந்தக் கடை உங்களுக்குப் பிடித்ததன் காரணத்தில் பாதி, சர்வர் உங்களைப் பார்த்ததும் கேட்காமலே கெட்டிச் சட்னி வைப்பதில் இருக்கிறது. நீங்கள் எதிரே உட்கார்ந்திருந்தால் விருந்தாளிக்கும் அது கிடைக்கும், தனியாகப் போனால் கிடைக்காது. தீர்ந்துபோன பொங்கலுக்குப் பதில் என்ன கேட்பது, எந்த மேசை காலியாகும், கை கழுவும் இடம் எது என்பதெல்லாம் நீங்கள் இருந்தால் அவருக்குப் பிரச்சினையே இல்லை. காலை ஏழு மணிக்கு எழுந்து அவர் தங்கியிருக்கும் லாட்ஜ் வாசலில் போய் நிற்க உங்களுக்கு மனமில்லை என்றால், அவரை மட்டும் எழுப்பி அனுப்புவது எந்த ஊர் நியாயம்? போகும்போது பில்லை யார் கொடுப்பது என்பதை வழியிலேயே பேசி முடித்துவிடுங்கள். கல்லா முன்னால் இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றால், பின்னால் ஆபீசுக்குப் போகிறவர்கள் காத்திருப்பார்கள்.